லினக்ஸில் இன்னொரு பதிப்பை எங்கே நிறுவக்கூடாது?

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டும், டிஸ்ட்ரோவில் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பில்) இருப்பதோ பழையது. மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்து (ஓடக்கூடிய நிரலாக மாற்றி), சுடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) நிறுவிவிடலாம்; அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிறுவும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

அதிகம் பார்க்கும் தவறு, நேராக /யுஎஸ்ஆர் அடைவுக்குள் கை வைப்பது. /யுஎஸ்ஆர்/பின், /யுஎஸ்ஆர்/லிப் எல்லாம் டிஸ்ட்ரோவின் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜருக்குச் சொந்தமான இடம். எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று ஏபிடி, டிஎன்எஃப் போன்ற பேக்கேஜ் மேனேஜர்கள் கணக்கு வைத்திருக்கின்றன. ப்ரிஃபிக்ஸாக (நிறுவும் இடமாக) /யுஎஸ்ஆர் கொடுத்து நீங்களே நிறுவிய கோப்பு அந்தக் கணக்கில் வராது. அடுத்த அப்டேட்டில் அதே பெயரில் ஒன்று வந்தால், உங்களுடையது சத்தமில்லாமல் போய்விடும். பாதிக் கோப்புகள் புதியவை, பாதி பழையவை என்று கலந்து கிடப்பது அதைவிட மோசம். இத்தனைக்கும் ப்ரிஃபிக்ஸ் எதுவும் கொடுக்காமல் விட்டாலே பெரும்பாலான மூலநிரல்கள் /யுஎஸ்ஆர்/லோக்கலுக்குத்தான் போகும். நிர்வாகி தன் கையால் நிறுவுபவற்றுக்கென்றே ஒதுக்கிய இடம் அது.

பைத்தான் விஷயத்தில் இந்தத் தவறு வேறு வேடம் போடும். புதிய பைத்தானை நிறுவியதும், பைத்தான்3 என்ற சிம்லிங்க்கை (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பை) அதற்குத் திருப்பிவிடுவார்கள். உபுண்டு, டெபியனில் ஏபிடியைச் சுற்றியுள்ள பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அவற்றுக்கு வேண்டிய மாட்யூல்கள் டிஸ்ட்ரோவின் பதிப்புக்கென்றே கம்பைல் ஆனவை. லிங்க் மாறியதும் ‘ஏபிடி_பிகேஜி மாட்யூல் இல்லை’ என்று பிழை வரும். உபுண்டுவின் சில பதிப்புகளில் டெர்மினல்கூடத் திறக்காது. சிம்லிங்க்குக்குப் பதிலாக அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ் கட்டளையால் செய்தாலும் விளைவு அதேதான். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் கணினியின் சொந்தப் பயன்பாட்டுக்கென்று ‘பிளாட்ஃபார்ம் பைத்தான்’ ஒன்றைத் தனியாக ஒதுக்கிவைத்தது இந்தத் தலைவலியைத் தவிர்க்கத்தான். மூலநிரலிலிருந்து பைத்தானை நிறுவும்போது மேக் இன்ஸ்டால் வேண்டாம், மேக் ஆல்ட்இன்ஸ்டால் போடுங்கள். அது பைத்தான்3.12 போலப் பதிப்பு எண்ணோடு மட்டும் நிறுவும். பைத்தான்3 என்ற பெயரைத் தொடாது.

பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பின் கதையும் இதன் தொடர்ச்சிதான். 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து, கணினியின் பைத்தானில் பிப் எதையும் நிறுவ மறுக்கும். ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற ஆப்ஷனைப் போட்டு அந்தத் தடையைத் தாண்டுகிறவர்கள் நிறைய. பெயரிலேயே உடைப்பேன் என்று சொல்லும் ஒன்றை ஏன் நம்புகிறார்களோ! கணினியின் பைத்தானைத் தொடாமல் பேக்கேஜ்களைத் தனியாக வைத்துக்கொள்ளும் வெர்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்க ஒரே ஒரு வரி போதும்.

சரி, ஒரே மென்பொருளின் இரண்டு மூன்று பதிப்புகள் அருகருகே வேண்டுமென்றால்? /யுஎஸ்ஆர்/லோக்கலில் எல்லாவற்றையும் கொட்டினால் பின்னர் பிரிக்க முடியாது. /ஆப்ட் அடைவுக்குள் பதிப்புக்கு ஒரு அடைவு என்று தனித்தனியாக வையுங்கள். நீக்குவதும் எளிது, அந்த அடைவை அழித்தால் போதும். டெபியன் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு இதே வழியைத்தான் கையாள்கிறது: ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் /யுஎஸ்ஆர்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பதற்குள் எண்ணிட்ட தனி அடைவு.

பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளில் இன்னும் கவனம் வேண்டும். டெபியன் வகையில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே நிரல்கள் லைப்ரரிகளைத் தேடும் பட்டியலில் உள்ளது. அங்கே குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் புதிய பதிப்பைப் போட்டால், லைப்ரரியின் பெயர் பொருந்தும்பட்சத்தில், எஸ்எஸ்ஹெச், கர்ல் போன்றவையும் அதை எடுத்துக்கொள்ளக்கூடும். ரெட் ஹாட் வகையில் இதற்கு நேர்மாறு: லைப்ரரியே கிடைக்கவில்லை என்று பிழை வரும். உடனே, லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தை பாஷ்ஆர்சியில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பில்) எழுதிவைப்பார்கள். அந்த ஷெல்லிலிருந்து ஓடும் அத்தனை நிரல்களையும் அது பாதிக்கும். லைப்ரரியையும் /ஆப்ட்டில் வைத்து, தேவையான நிரலைக் கம்பைல் செய்யும்போதே ஆர்பாத் (அந்த லைப்ரரி இருக்கும் இடம்) கொடுத்துவிடுவது நல்லது.

வீட்டு அடைவில் நிறுவுவது உங்கள் ஒருவருக்கென்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் பின்னணியில் இயங்கும் சர்வீஸ்கள் ஓடுவதற்கு அதை நம்பக்கூடாது. உபுண்டு 21.04 முதல் புதிய வீட்டு அடைவுகளுக்குள் மற்றப் பயனர்கள் நுழைய முடியாது. சுடோவும், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானும் பெரும்பாலும் தங்களுக்கென்று ஒரு பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) வைத்திருக்கின்றன, உங்கள் ஷெல்லின் பாத்தைப் பார்ப்பதில்லை. டெர்மினலில் ஓடியது க்ரானில் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியை மட்டும் கணினியில் மாற்றவே மாற்றாதீர்கள். எல்எஸ், சிபி, சுடோ எல்லாம் அதை நம்பி ஓடுபவை. கெட்டால் சரிசெய்யும் கட்டளைகளும் சேர்ந்து படுத்துவிடும். புதிய ஜிலிப்சி கேட்கும் மென்பொருளை கன்டெய்னருக்குள் (தனக்கென்று லைப்ரரிகள் வைத்திருக்கும் தனிச் சூழலுக்குள்) ஓட்டுங்கள்.