கிரேட்ஃபுல் டெட் கச்சேரிக்கு மதிப்பெண் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் 1965இல் தொடங்கி, 1995இல் அதன் கிதார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தது. நேற்று வாசித்த பாட்டு வரிசையை இன்று வாசிக்க மாட்டார்கள். ரசிகர்கள் பதிவு செய்துகொள்ளவும் விட்டார்கள்; 1984இல் டேப் எடுப்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். எந்த ராத்திரி உசத்தி என்று கேட்டுக் கேட்டு மதிப்பெண் போடும் பழக்கம் அப்படித்தான் ஊறிப்போனது. எனக்கும் அது உண்டு.

இதில் பெரிய தவறு, டேப்புக்கு மதிப்பெண் போட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போட்டதாக நினைப்பது. கூட்டத்துக்குள் மைக் வைத்து எடுத்த பதிவில் இரைச்சல் இருக்கும். அதற்காக வாசிப்பு மட்டம் என்று ஆகாது. மேடை ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் சவுண்ட்போர்டிலிருந்து நேராக எடுத்தது தெளிவாக இருக்கும், ஆனால் அதுவும் முழு உண்மையைச் சொல்லாது. அரங்கம் சிறியதாக இருந்து, கிதார் சத்தம் ஆம்ப்ளிஃபையரிலிருந்தே போதுமான அளவு வந்தால், போர்டில் அதைக் குறைத்து வைப்பார்கள். அந்தப் பதிவில் குரல் தூக்கலாகவும் கிதார் மெலிந்தும் கேட்கும். கார்சியா அன்றைக்குச் சோர்ந்து வாசித்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

1977 மே 8, கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் கச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு முதலிடம் அதற்குத்தான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றிருக்கிறது. அருமையான கச்சேரி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் புகழில் பெட்டி கேன்டர்-ஜாக்சன் செய்த துல்லியமான பதிவுக்கும் பெரிய பங்கு உண்டு. பெயரைப் பார்த்தே ஐந்து நட்சத்திரம் கொடுப்பதற்கு முன், முந்தின நாள் பாஸ்டனையும் மறுநாள் பஃபலோவையும் கேளுங்கள். பஃபலோவை மேலே வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், பிடித்த பாட்டை மட்டும் தாவித்தாவிக் கேட்டு மொத்தக் கச்சேரிக்கும் மதிப்பெண் போடாதீர்கள். ஒரு பாட்டு கரைந்து இன்னொன்றாக மாறும் இடத்தில்தான் இவர்களுடைய உயிர் இருக்கிறது. இரண்டாம் பாதியை நிறுத்தாமல் கேட்டால்தான் அது பிடிபடும்.

எல்லா வருடத்துக்கும் ஒரே அளவுகோலும் சரிவராது. 1972இல் மேடையில் ஒரே டிரம்மர், பில் க்ரொய்ட்ஸ்மன். இசை லேசாக மிதக்கும், நினைத்த பக்கம் திரும்பும். 1976இல் மிக்கி ஹார்ட் முழுமையாகத் திரும்பிய பிறகு இரண்டு டிரம்மர்கள். தாளம் கனத்து, நிதானப்பட்டது. 1979 முதல் 1990 வரை பிரென்ட் மிட்லாண்டின் ஆர்கனும் கரகரத்த குரலும் வேறொரு நிறம் கொடுத்தன. 1972 போல இல்லையே என்று 1989க்கு மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

நேரில் போனவர் தன் நினைவுக்காகக் கூட்டிப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ‘அன்று நான் அங்கே இருந்தேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

கடைசியாக, பிழைகளை எண்ணிக் கழிப்பது. கார்சியா வரிகளை மறப்பார், குரல்கள் இசையாமல் போகும். 1972 ஆகஸ்ட் 27 அன்று ஆரிகானில் உள்ள வெனீட்டாவில் கொளுத்தும் வெயிலில் கிதார்களின் சுருதி விலகிக்கொண்டே இருந்தது. அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போகிறவர், அதே மாலை அரை மணி நேரத்துக்கு மேல் விரிந்த ‘டார்க் ஸ்டார்’ வரை வந்தே இருக்க மாட்டார். 1968இல் இசைத்தட்டாக வந்தபோது அந்தப் பாட்டு மூன்று நிமிடம்கூட இல்லை.