பாரம்பரிய அரிசியும் குக்கரும்: விசிலை நம்பிச் செய்யும் தவறுகள்

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் விதைகளை மீட்டுப் பரப்பிய, மறைந்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப்போன விவசாயி, மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டியிருந்தது. அப்படிக் கைமாறிப் பரவிய மாப்பிள்ளை சம்பாவும் காட்டுயானமும் இப்போது தஞ்சாவூர், மன்னார்குடிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஆனால் வாங்கிப்போகிறவர்களில் பலர் ஒரு தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். “எத்தனை விசில் வச்சாலும் வேக மாட்டேங்குது” என்பதுதான் புகார். குறை அரிசியில் இல்லை. பொன்னி அரிசிக்குப் பழகிய கை அதே அளவில் தண்ணீர் வைத்து, அதே நாலு விசிலில் இறக்குகிறது.

தவிடு நீக்காத அரிசிக்குள் சூடு சுலபமாகப் போய்விடும், தண்ணீர் போகாது. வெயிட் போட்ட குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். ஊறாத அரிசியை அதில் போட்டால் மேல்தோல் வெடித்துக் குழையும், நடுவில் மட்டும் நறுக்கென்று வெள்ளையாக நிற்கும். அதற்காக இன்னும் ரெண்டு விசில் விட்டால் வெளிப்பக்கம்தான் கூழாகும்.

அதனால் பாதி வேலை ஊறவைப்பதிலேயே முடிந்துவிடுகிறது. பூங்கார், குள்ளக்காருக்கு 4 முதல் 6 மணி நேரம். மாப்பிள்ளை சம்பா, காட்டுயானத்துக்கு 8. கருப்புக் கவுனிக்கு 10 முதல் 12. முதல் நாள் ராத்திரி மறந்துபோனால் மாப்பிள்ளை சம்பா புழுங்கலில் கொதிநீர் ஊற்றி 3 மணி நேரம் மூடிவைத்துச் சமாளிக்கலாம். கவுனியிடம் அந்தக் குறுக்குவழி செல்லாது. சித்திரை, வைகாசி வெயிலில் வெளியே 8 மணி நேரம் தாண்டினால் ஊறும் தண்ணீர் புளித்து வாடை வரும், ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். கவுனியை முதலில் ரெண்டு தடவை கழுவிவிட்டு ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவிட வேண்டும். ஊறின பிறகு களைந்து கொட்டினால் அந்தக் கருஞ்சிவப்புச் சாயம் அங்கணத்தோடு போய்விடும்.

ஊறிய அரிசியை அளந்து அதற்குத் தண்ணீர் வைப்பது அடுத்த தவறு. ஊறியது பருத்திருக்கும், கணக்கு தப்பும். உலர்ந்த அரிசியை அளந்துகொண்டு, அதே டம்ளரால் தண்ணீரும் அளக்க வேண்டும். குக்கரில் நேரடியாக வைத்தால் மாப்பிள்ளை சம்பா, கவுனி, காட்டுயானத்துக்கு 1 டம்ளருக்கு 3 டம்ளர் தண்ணீர். குழைவாக வேண்டுமென்றால் மூன்றரை. ஊறிய தண்ணீரைச் சேர்த்து வைக்கும்போது அதுவும் இந்தக் கணக்கில் அடங்கும். உள்ளே பாத்திரம் வைத்துச் சமைத்தால் இரண்டரை போதும், ஏனென்றால் அதில் ஆவியாகிப் போவது குறைவு. ஆனால் குக்கர் அடியில் 2 டம்ளர் தண்ணீராவது நிற்க வேண்டும். பொன்னிக்கு ஊற்றுகிற அரை டம்ளர், அரை மணி நேர அடுப்புக்குத் தாங்காமல் அடி கருகும். தை, மாசியில் அறுத்து அப்படியே மில்லுக்குப் போன புது அரிசியென்றால் டம்ளருக்குக் கால் டம்ளர் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே அரிசி ஆறு மாதம் பழகினால் முழு அளவையும் குடிக்கும்.

இனி விசில். விசில் நேரம் காட்டாது. பெரிய பர்னரில் பத்து நிமிடத்தில் ஆறு விசில் வரும், சின்னதில் மூன்றுதான் வரும், வேகும் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. முதல் விசில் வந்தால் உள்ளே அழுத்தம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். தூயமல்லி ஒரு தடவை தீட்டியது 10 நிமிடம், பூங்கார் 15, மாப்பிள்ளை சம்பா 20, காட்டுயானமும் கருப்புக் கவுனியும் 25. உள்பாத்திரத்தில் வைத்தால் எல்லாவற்றுக்கும் 5 நிமிடம் கூடும். சிம்மில் வெயிட் லேசாகச் சீறிக்கொண்டே இருக்க வேண்டும். அடங்கிப்போனால் அழுத்தம் இறங்கிவிட்டது, தீயைக் கொஞ்சம் ஏற்றுங்கள். மூடியின் ஓரமாக ஆவி கசிந்தால் காஸ்கெட் தளர்ந்திருக்கிறது. விசிலே வராமல் தண்ணீர் மட்டும் வற்றும்.

அடுப்பை அணைத்ததும் வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விடுகிற பழக்கம் இந்த அரிசிக்கு ஆகவே ஆகாது. அழுத்தம் சட்டென்று இறங்கும்போது உள்ளே தண்ணீர் பொங்கி, கஞ்சி வெயிட் வழியாகப் பீய்ச்சியடிக்கும். கை சுடும், அரிசியும் உடையும். தானாக அடங்க 15 நிமிடம் ஆகும். அந்தச் சூட்டில்தான் நடு அரிசி வேகிறது. அடுப்பிலிருந்த நேரத்துக்கு இணையாக இதையும் சமையலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. முழு தானியம் நுரைத்துப் பொங்கும், தவிட்டுத் துணுக்கு ஆவிக் குழாயை அடைக்கும். 5 லிட்டர் குக்கரில் 200 மில்லி டம்ளரால் 3 டம்ளர் அரிசியும் 9 டம்ளர் தண்ணீரும் வைத்தால் 2.4 லிட்டர் ஆகிவிடும், அதுதான் எல்லை. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் நுரை கட்டுப்படும். மூடுவதற்கு முன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மறுபக்கம் தெரியவில்லையென்றால் ஈர்க்குச்சி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். சேஃப்டி வால்வு உருகிவிட்டால் அதே கம்பெனி வால்வைத்தான் போட வேண்டும். எதையாவது வைத்து அடைத்து அன்றைய பாட்டைப் பார்ப்பது ஆபத்து.

கவுனிப் பொங்கலுக்கு வெல்லத்தை முதலிலேயே போட்டு மூடுகிறவர்கள் உண்டு. வெல்லம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அரிசி விறைத்தே நிற்கும். அரிசி விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்த பிறகு பாகு ஊற்றுங்கள். புளி சேர்த்தாலும் இதே கதைதான்.

சத்து கூடட்டும் என்று சாமை, வரகை மாப்பிள்ளை சம்பாவோடு கலந்து வைப்பதும் வீண் வேலை. சாமை அரை மணி ஊறினால் ரெண்டு விசிலில் வெந்துவிடும். 20 நிமிடத்தில் அது களியாகிவிடும்.

திறந்து பார்த்து நடுவில் கல் மாதிரி இருந்தால் அரை டம்ளர் கொதிநீர் தெளித்து, மூடி, ஒரு விசிலுக்குப் பின் சிம்மில் 5 நிமிடம் வையுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தண்ணீர் மிஞ்சினால் வடித்துக் கஞ்சியாகக் குடிக்கலாம், உப்பும் கொஞ்சம் மோரும் போதும்.

எது செய்தும் தேறாத ஒன்று உண்டு: சிக்கு வாடை அடிக்கும் அரிசி. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி வெள்ளை அரிசி மாதிரி வருடக்கணக்கில் தாங்காது. மூட்டையாக வாங்காமல் இரண்டு மாதத்துக்கு ஆகிறதை மட்டும் வாங்குங்கள். கடையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, பச்சரிசியா புழுங்கலா, எத்தனை தடவை தீட்டியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நிமிடங்கள் தூயமல்லி தவிர மற்றதற்கெல்லாம் தீட்டாத புழுங்கலுக்கு உரியவை. ஒரு தடவை தீட்டியதென்றால் 5 நிமிடம் குறையும்.