மழைக்கு முன்னால் கட்டி வைக்க ஒரு பை

மழைக்காலம் நெருங்கினால் கேரளத்து இடுக்கி மலையில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் மைக் கட்டிய ஜீப் வந்துவிடும். எமர்ஜென்சி கிட் தயாராக வையுங்கள் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வளைவு தாண்டிப் போகும். கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பட்டியல் நல்ல பட்டியல்தான். லயத்து வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அதை எப்படிப் பையாகக் கட்டுவது என்று பார்ப்போம்.

படி 1: பை

பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பை போதும். ஜவுளிக்கடைக் கட்டைப்பை வேண்டாம். ஒரு கையில் குழந்தை, மறு கையில் டார்ச் என்றால் அதை எதில் பிடிப்பது?

படி 2: காகிதங்கள்

என்னைக் கேட்டால் பாதிப் பை இதுதான். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பேங்க் பாஸ்புக், பி.எஃப். காகிதம், பிள்ளைகளின் சான்றிதழ்கள். இங்கே எஸ்டேட்டில் வேலை செய்யும் நம் தமிழ்க்காரர்கள் பல பேருக்கு ரேஷன் கார்டு கேரளத்தில், வீட்டுப் பத்திரம் தேனியிலோ தென்காசியிலோ இருக்கிற சொந்த ஊரில். தொலைத்தால் இரண்டு மாநிலத்துத் தாலுகா ஆபீஸுக்கும் நடையாய் நடக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, உள்ளங்கையால் காற்றை அழுத்தி வெளியேற்றிய பிறகு மூடுங்கள். அந்தக் கவரை இன்னொரு கவருக்குள் தலைகீழாக இறக்குங்கள். வெளிக்கவரில் தண்ணீர் புகுந்தாலும் உள்வாய்க்கு உடனே எட்டாது. அப்புறம் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, கீழே கம்பத்திலோ போடியிலோ இருக்கும் நம்பிக்கையான உறவுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

படி 3: மற்ற சாமான்கள்

ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தண்ணீரைச் சுத்தம் செய்யக் குளோரின் மாத்திரை, காயத்துக்கு மருந்து, சின்னக் கத்தி, நிலக்கடலை, பேரீச்சை, கொஞ்சம் சில்லறைப் பணம். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் ஒரு வாரத்துக்கானது, சீட்டோடு.

படி 4: வெளிச்சமும் சத்தமும்

போன் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது; 70 பேர் போய்விட்டார்கள். கரண்ட்டும் இல்லை, போன் தொடர்பும் இல்லை. வெளியே விஷயம் தெரிந்ததே மறுநாள் காலையில்தான். அதனால் டார்ச், பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ, ஆளுக்கொரு விசில். பேட்டரியைக் கழற்றித் தனியே சுற்றி வையுங்கள், கசியாது. பவர் பேங்க் இருந்தால் சார்ஜ் போட்டு வையுங்கள்.

படி 5: எப்போது கிளம்புவது

வானிலைத் துறையின் மழை எச்சரிக்கையில் ஆரஞ்சு அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மழை, அதற்கு மேல் ரெட். சரிவுக்குக் கீழே வீடு இருந்தால் ரெட் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆரஞ்சு அன்றே பகல் வெளிச்சத்தில் முகாமுக்குப் போய்விடுங்கள். இரவில் மலைப்பாதையில் இறங்குவது தனி ஆபத்து. ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ வற்றினாலோ, தரையில் புது விரிசல் கண்டாலோ, எந்த அலர்ட்டையும் பார்க்காதீர்கள். ஓடையை விட்டு விலகி மேட்டுப் பக்கம் போய், அவசர எண் 112 அல்லது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077க்குச் சொல்லுங்கள்.

படி 6: மாட்டும் இடம்

வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில். பீரோவுக்குள் வேண்டாம், பரண்மேல் வேண்டவே வேண்டாம். மாதம் ஒருமுறை திறந்து மாத்திரையின் தேதியையும் பேட்டரியையும் பாருங்கள். கடலையையும் பாருங்கள், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது தங்காது.