உங்கள் நாளைப் போனைக் கொண்டு அளப்பது எப்படி: 14 நாள் செய்முறை

"எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டால் "ஓம், இருக்கிறம்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். போன கிழமை எத்தனை இரவு ஒழுங்காக நித்திரை கொண்டோம் என்று கேட்டால் பதில் வராது. இந்த விடயத்தில் ஞாபகத்தை நம்ப முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் போனைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 2013இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 48 மாணவர்களின் நித்திரையையும் நடமாட்டத்தையும் அவர்களுடைய போன்களே 10 வாரம் பதிந்தன. தவணை போகப் போக மன அழுத்தம் ஏறி நித்திரை குறைந்தது அதில் தெரிந்தது. அதையே சின்ன அளவில், இலங்கையின் கிழக்கே கல்லடியிலோ கல்முனையிலோ இருந்தபடி, செலவில்லாமல் நீங்களும் செய்யலாம்.

படி 1: ஒரே ஒரு கேள்வி
"நான் நன்றாக இருக்கிறேனா?" என்பது அளக்க முடியாத அளவுக்குப் பெரியது. என் கேள்வி இதுதான்: இரவு கனநேரம் போன் பார்த்தால் மறுநாள் எப்படி எழும்புகிறேன்?

படி 2: தொடக்கப் புள்ளி
உலக சுகாதார அமைப்பின் ஐந்து கேள்விகள் கொண்ட நலச் சுட்டி ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சி, அமைதி, சுறுசுறுப்பு, களைப்பின்றி எழும்புதல், அன்றாட வாழ்வில் ஆர்வம் ஆகியவை எவ்வளவு இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை போட வேண்டும். கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு எத்தனை என்று வரும். முதல் நாளும் கடைசி நாளும் போடுங்கள். 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது நோய் என்று அர்த்தமில்லை, ஒரு வைத்தியரோடு பேசுவது நல்லது என்று அர்த்தம். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

படி 3: போன் தானாக எண்ணுபவை
ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. திரையில் கழிந்த நேரம், போனைத் திறந்த தடவைகள் இரண்டையும் தினமும் படுக்குமுன் குறித்துக்கொள்ளுங்கள். காலடிகளை ஹெல்த் செயலி எண்ணும்.

இங்கே ஒரு விடயத்தை நன்றாக மனதில் வையுங்கள். போனுக்குத் தெரிவது, அது இருக்கும் இடத்தில் நடப்பது மட்டும்தான். அம்மா விடிய நாலரைக்கு எழும்பி இடியப்பம் அவித்து, முற்றம் கூட்டி, கிணற்றடிக்கும் குசினிக்கும் நடந்த நாளில் அவருடைய போன் ரீவிக்குப் பக்கத்தில் கிடந்தது. காலடிக் கணக்கில் அன்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. வாவிக்குத் தோணியில் போகிறவர் நனைந்துவிடும் என்று போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார். படுவான்கரையில் வயலுக்குச் சைக்கிள் மிதிக்கிறவரின் உழைப்பும் காலடியாகச் சரிவர ஏறாது. ஆகவே "இன்று போன் கையில் இருந்ததா?" என்று ஒரு நிரலைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓயாமல் உழைத்தவரைச் சோம்பேறி என்று உங்கள் அட்டவணை சொல்லும்.

படி 4: மனதைக் கேட்பது
மனம் எப்படி இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது, உங்களைத்தான் கேட்க வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸ் என்ற இணையப் படிவத்தில் இரண்டு கேள்வி போதும்: இப்போது மனநிலை 1 முதல் 5 வரை எத்தனை, யாரோடு இருக்கிறீர்கள்? நாளுக்கு நான்கு அலாரம் வையுங்கள். தொழுகை, பூசை, ரியூசன் நேரங்களைத் தவிர்த்து வைத்தால்தான் பதில் வரும். ஒரு தடவை தவறினால் வெற்றாகவே விடுங்கள். இரவில் யோசித்து நிரப்பினால் மறுபடியும் ஞாபகத்தைத்தான் அளக்கிறீர்கள்.

படி 5: ஒப்பிடுவது
ஒரு நாளுக்கு ஒரு வரி. திரை நேரம் கூடிய நாட்களையும் குறைந்த நாட்களையும் இரண்டு பாதியாகப் பிரித்து, மறுநாள் காலை மனநிலையின் சராசரியைப் பாருங்கள். எனக்கு வித்தியாசம் தெரிந்தது. ஆனாலும் போன்தான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், மனம் சரியில்லாத இரவில்தான் போனை அதிகம் பார்த்தோமோ என்னவோ.

படி 6: மற்றவர்களை அளப்பதென்றால்
முதலில் சம்மதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே பார்க்கிறது. பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். இருக்குமிடத்தைப் பதிய வேண்டாம். யார் எங்கே போனார், வந்தார் என்று எழுதப்படுவது எங்கள் பக்கத்தில் பலருக்குக் கசப்பான நினைவு. விரும்பாத கேள்வியை யாரும் விடலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டபோது காலடி எண்ணச் சம்மதித்தார். மனநிலைக் கேள்விக்கு மட்டும், "அத நீயே வந்து கேளன்" என்றார். அவருடைய படிவத்திலிருந்து அதை எடுத்துவிட்டேன், இப்போது பின்னேரத்தில் போய்க் கேட்கிறேன்.