வீட்டுப் பொருள்களில் நச்சு உலோகம்: எதை முதலில் பார்ப்பது?

காரீயம், பாதரசம், காட்மியம் என்று எதையாவது படித்துவிட்டு வீட்டில் இருப்பதையெல்லாம் தூக்கி எறியக் கிளம்ப வேண்டாம். ஒரு பொருளில் நச்சு உலோகம் இருப்பது வேறு, அது நம் உடம்புக்குள் போவது வேறு. அதனால் பொருளைக் கையில் எடுத்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இது யார் வாய்க்காவது போகுமா, இதில் சாப்பாடு இருக்குமா, தினமும் தோலில் பூசுகிறோமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் முதல் கேள்விதான் முக்கியம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும், அது நேராக மூளை வளர்ச்சியில் கை வைக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலிவான கவரிங் நகை, டாலர், பழைய பெயின்ட் அடித்த பொம்மை, இவற்றை முதலில் ஒதுக்குங்கள். 2006-இல் அமெரிக்காவில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இலவசமாக வந்த கைச்சங்கிலியின் டாலரை விழுங்கி இறந்தது. அந்த டாலர் கிட்டத்தட்ட முழுக்கக் காரீயம். யாரும் நினைக்காத இன்னொன்று சாவிக்கொத்து. பித்தளைச் சாவி பலவற்றில் கொஞ்சம் காரீயம் கலந்திருக்கும், அழும் பிள்ளையைச் சமாளிக்க நாம் கையில் கொடுப்பதும் அதையேதான்.

பாத்திரத்தில், பளபளப்புப் பூச்சுள்ள பழைய பீங்கானையும் மண்பாண்டத்தையும் கவனியுங்கள். பூச்சு வெடித்திருந்தாலோ, கழுவிக் காய்ந்தபின் மாவு போல ஏதாவது ஒட்டினாலோ அலங்காரத்துக்கு வைத்துவிடுங்கள். புளிப்பான எதையும் அதில் ஊற்றி வைக்கவே கூடாது, அமிலம் பூச்சிலிருக்கும் காரீயத்தையும் காட்மியத்தையும் கரைத்து இறக்கிவிடும்.

சிவப்பழகு கிரீம் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது நிறத்தைக் குறைப்பதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூசுகிறவர் மட்டுமல்ல, அதே துண்டையும் தலையணையையும் தொடுகிற குழந்தைக்கும் போகும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். மெர்க்குரி, மெர்க்குரிக், கலோமெல் என்ற சொல் கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம், அதில் பாதரசம் இருக்கிறது. அப்படி எதுவும் போடாமல் ‘தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் மேல் படக்கூடாது’ என்று மட்டும் எழுதியிருந்தாலும் உஷாராகுங்கள், முகத்தில் பூசுவதற்கு எதற்கு அந்த எச்சரிக்கை? பொருள்களின் பட்டியலே இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். இருப்பதைக் காற்றுப் புகாத பையில் கட்டி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பழைய பெயின்ட் உரியும் சுவரை உலர்வாகச் சுரண்டக் கூடாது, தூசியாகப் பறந்தால் அதுதான் உள்ளே போகும். ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகளுக்குச் சாப்பிடும் முன் கை கழுவிவிடுங்கள். அப்புறம், பழைய குழாய்த் தண்ணீரில் காரீயம் இருந்தால் காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

வீட்டிலேயே தேய்த்துப் பார்க்கும் பரிசோதனைக் குச்சிகளை நான் நம்ப மாட்டேன். இருப்பதை இல்லை என்றும் சொல்லும், இல்லாததை இருக்கிறது என்றும் சொல்லும். குழந்தை எதையாவது கடித்துக்கொண்டிருந்தது என்று கவலையாக இருந்தால் டாக்டரிடம் ரத்தத்தில் காரீய அளவு பார்க்கச் சொல்லுங்கள். காரீயம் ஏறியிருந்தாலும் பல நேரம் அறிகுறி எதுவும் தெரியாது, அதனால் பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். உலோகத்தை விழுங்கிவிட்டது என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் சாப்பிட்டால் உடம்பு காரீயத்தை உறிஞ்சுவது குறையும். உலோகத்தை வெளியேற்றும் மருந்து நிஜமாகவே இருக்கிறது, ஆனால் அது டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது, டீடாக்ஸ் என்று ஆன்லைனில் விற்கும் பொடி அந்த மருந்து இல்லை.