பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகவில்லையா? பார்ட் வாங்குமுன் நடக்கும் தவறுகள்

பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்ட்டை மூடித் திறக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் ஒருநாள் உதைத்தும் எடுக்கவில்லை என்றால், பெரும்பாலும் நடப்பது இதுதான்: முதலில் பிளக் மாறும், அப்புறம் காயில் (பிளக்கில் பொறி விழ வோல்ட்டேஜை ஏற்றித் தருவது), அப்புறம் பேட்டரி. கடைசியில் வண்டி எடுத்துவிடும், ஆனால் எதனால் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்தில் அதே தொல்லை மறுபடி வரும். சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும், 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றும் கையில் இருந்தால் இந்தச் செலவில் பாதி மிச்சம்.

“ஹெட்லைட் எரியுதே, பேட்டரி நல்லாதான் இருக்கு” என்பது முதல் தவறு. 11 வோல்ட்டிலும் பல்பு எரியும். பொறி விழுவதுதான் சந்தேகம். இந்த வண்டிகளில் காயிலுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து போகிறது, ஆகவே பேட்டரி சோர்ந்தால் எத்தனை உதை உதைத்தாலும் பயனில்லை. சார்ஜ் போட்டுச் சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றினால் பேட்டரி சீக்கிரம் சாகும்.

புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கிறது. அதைப் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள், ஆனால் வண்டியிலேயே வரும் இலவச டெஸ்டர் அது. லைட்டை எல்லாம் அணைத்து, கீ போட்டு, டிகம்ப்ரசரை (கம்ப்ரஷனை வெளியேற்றும் லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். அசையாமல் நடுவிலேயே நின்றால் காயில் வழியாகக் கரண்ட் ஓடவில்லை: ஃபியூஸ், கீ சுவிட்ச், கழன்ற ஒயர், அழுக்கேறிய பாயிண்ட் என்று தேடுங்கள். மைனஸிலேயே ஒட்டிக்கொண்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அங்கே எர்த் தட்டுகிறது, அல்லது கன்டென்சர் (பாயிண்ட்டில் பொறி விழாமல் அடக்கும் சின்ன பார்ட்) உள்ளுக்குள் ஷார்ட். ஒரு ஸ்பேனரும் எடுக்காமல் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. பார்த்து முடிந்ததும் கீயை அணைக்க மறக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் கீ ஆனிலேயே கிடந்தால் 3 ஆம்பியருக்கு மேல் ஓடி, காயில் கொதித்து, பேட்டரியும் காலியாகும்.

பொறி பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. பிளக்கின் உடல் இன்ஜின் இரும்பைத் தொடாமல் தொங்கினால் பொறி வராது, உடனே காயில்மேல் பழி விழும். பிளக்கை ஹெட்டின் துடுப்பில் அழுத்திப் பிடியுங்கள், ஆனால் பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி. அங்கே பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். பிளக் ஒயரை எதிலும் படாமல் அந்தரத்தில் விட்டு உதைக்கவும் கூடாது. போக வழியில்லாத கரண்ட் காயிலின் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போகும். பொறி நீல வெள்ளையாகத் தடித்து விழ வேண்டும். மெலிந்த ஆரஞ்சுப் பொறி வெளியே தெரிந்தாலும் கம்ப்ரஷனுக்குள் அணைந்துவிடும். அப்போதும் காயிலுக்குப் போகாமல் பிளக் கேப்பைக் கழற்றி, ஒயர் நுனியில் பச்சை பிடித்த அரை சென்டிமீட்டரை வெட்டிவிட்டு மறுபடி திருகிப் பாருங்கள்.

பாயிண்ட்டை முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, அப்படியே மூடிவிடுவது இன்னொரு பழக்கம். தேய்த்த தூள் உள்ளே தங்கினாலே கரண்ட் போகாது. மெல்லிய தாளால் இரண்டு இழுப்பு போதும். பிறகு பெட்ரோலில் நனைத்த சுத்தமான அட்டையை நடுவே விட்டு இழுத்து, காய்ந்த அட்டையால் ஒருமுறை துடையுங்கள். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தால் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இடைவெளி கூடினால் பொறி முன்கூட்டியே விழும், கிக்கர் திருப்பி அடிக்கும். 350 சிசி புல்லட்டில் அட்வான்ஸ் (வேகம் கூடும்போது பொறியை முன்தள்ளும் பகுதி) முழுதும் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு பாயிண்ட் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

குளிரில் எடுத்து, கால் மணி நேரம் ஓடி, சூடானதும் நின்று, ஆறினால் மறுபடி எடுக்கும் வண்டிக்குக் காயிலும் காரணமாகலாம், கன்டென்சரும் காரணமாகலாம். நின்ற இடத்திலேயே பாயிண்ட் மூடியைத் திறந்து, கீ போட்டு, மூடிய பாயிண்ட்டை ஒரு மரக்குச்சியால் திறந்து பாருங்கள். அங்கே பெரிய நீலப் பொறி பளிச்சென்று விழுந்தால் குற்றவாளி கன்டென்சர். நல்ல கன்டென்சர் ஒன்றை அதற்கு இணையாகக் கொடுத்துப் பார்த்தால் உறுதியாகும். காரில் வரும் 0.2 மைக்ரோஃபேரட் அளவு ஒன்றும் வீடு போய்ச் சேர உதவும். பாயிண்ட்டில் பொறி அடங்கியிருந்து பிளக்கில் மட்டும் இல்லையென்றால்தான் காயிலைச் சந்தேகிக்கலாம். இதையெல்லாம் செய்யுமுன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து ஒருமுறை உதையுங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி இதே மாதிரிதான் நிற்கும்.

வயரிங்கில் ஏமாற்றுவது மல்டிமீட்டரே. நைந்துபோய் ஒரே ஓர் இழை மிஞ்சிய ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டும், பீப் அடிக்கும். லோடு ஏறினால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே பாயிண்ட் மூடியிருக்க, கீ ஆனில், ஹெட்லைட்டையும் போட்டு அளக்க வேண்டும். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் (ஒயரில் அல்ல, கம்பத்திலேயே), மறுமுனை இன்ஜின் இரும்பில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது: போல்ட்டைக் கழற்றி, பெயிண்ட்டையும் துருவையும் பளபளப்பாகும்வரை சுரண்டி மாட்டுங்கள். அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் காயிலுக்குக் கரண்ட் வரும் முனைக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் தின்றால் கீ சுவிட்சிலோ கனெக்டரிலோ கரி பிடித்திருக்கிறது.

ஃபியூஸ் அடிக்கடி போனால் சிகரெட் தாள் சுற்றுவது நேராக வயரிங்கை எரிக்கும் வழி. ஃபியூஸ் இடத்தில் அந்த 21 வாட் பல்பைச் செருகுங்கள். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும். ஹேண்டில் கழுத்து, டேங்க் அடி, சீட் அடி என்று ஒயர்களை அசைத்து, கனெக்டரை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பல்பு மங்கும் இடத்தில் ஷார்ட் இருக்கிறது. பாயிண்ட் திறந்த நிலையில் இதைச் செய்யாவிட்டால் காயில் கரண்ட்டே பல்பை எரித்துக் குழப்பும்.

சார்ஜைப் பொறுத்தவரை, ஐடிலில் லைட் மங்குவதும் முள் மைனஸில் நிற்பதும் பழைய புல்லட்டின் சுபாவம். ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வந்தால் போதும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றுவது மட்டும் வேண்டாம். வோல்ட்டேஜ் எகிறி ரெகுலேட்டரும் பல்புகளும் ஒரே நொடியில் போகும்.