பிரான்ஸ் கிராமப்புறத்தில் கிராவல் சைக்கிள்: மோர்வானை வைத்து ஒரு வழித்தடம் வரையலாம், வாங்க

போன அக்டோபரில் பர்கண்டியின் மோர்வான் மலைப்பகுதிக்கு இரண்டு நாள் கிராவல் சைக்கிளில் (ஜல்லி, மண் பாதைகளுக்கான அகன்ற டயர் சைக்கிள்) போயிருந்தேன். முதல் நாள் அருமையாகப் போனது. இரண்டாம் நாள் மதியம், வெறும் 9 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம் ஆனது. பாதி தூரம் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நடந்தேன். மோன்பாரில் பிடிக்க வேண்டிய ரயிலும் போய்விட்டது. வரைபடத்தில் அந்த 9 கிலோமீட்டரும் மற்ற இடங்களைப் போலவேதான் தெரிந்தது. எங்கே தவறியது என்று வீட்டில் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு நான்கு முறை போய் வந்தாகிவிட்டது, ஒரு முறைகூட மாட்டிக்கொள்ளவில்லை. நான் இப்போது கடைப்பிடிக்கும் வழிமுறை இதுதான். பஞ்சர் ஒட்டவும் செல்போனில் வரைபடம் பார்க்கவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

1. ரயிலிலிருந்து தொடங்குங்கள்

இடத்தை முடிவு செய்யுமுன் ரயில் நிலையத்தைப் பாருங்கள். தெர் எனப்படும் வட்டார ரயில்களில் சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம். அதிவேக தெஜேவே ரயிலில் முன்பதிவு, சைக்கிளைப் பையில் கட்டுவது என்று வேலை கூடும். மோர்வானுக்கு வடக்கு வாசல் அவலோன். அங்கிருந்து வெஸ்லே 15 கிலோமீட்டர். குன்றின் மேல் நிற்கும் அந்தப் பேராலயத்தைத் தூரத்திலிருந்து பார்த்தபடியே மிதிக்கலாம். அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாலங்கள் நிற்கும் பியேர்-பெர்துயி, தேவாலயத்தைச் சுற்றிக் கல் சவப்பெட்டிகள் கிடக்கும் காரே-லே-தோம்ப், கடைசியாக செத்தோன் ஏரி. பாரிஸுக்கு விறகு மிதக்கவிடத் தண்ணீர் தேக்குவதற்காக 19ஆம் நூற்றாண்டில் அணை கட்டி உருவாக்கிய ஏரி அது. ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டர் போதும். மோர்வானின் உச்சி 901 மீட்டர்தான், ஆனால் ஏற்ற இறக்கம் ஓயாது.

ஏற்றம் வேண்டாம் என்றால் பர்கண்டி கால்வாயோரம் போங்கள். மிஜேனிலிருந்து சேன்-ஜான்-தெ-லோன் வரை 242 கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். முதல் பயணத்துக்கு நல்ல தேர்வு, ஆனால் இரண்டாம் நாளே எனக்குச் சலித்துவிட்டது.

2. முதல் கோட்டை வரையுங்கள்

நான் பயன்படுத்துவது பிரௌட்டர், ஊர்களைக் குறித்தால் வழியை வரைந்து தரும் இணையப் பக்கம். இலவசம், கணக்கு தேவையில்லை. இதே வேலைக்கான கோமூட் செயலி பார்க்க அழகாக இருக்கிறது, படங்களும் உண்டு. ஆனால் எந்தத் துண்டை எதனால் தேர்ந்தெடுத்தது என்று சொல்லாது. எனக்கு அந்தக் காரணம் தெரிய வேண்டும். தொடக்கம், முடிவு, நடுவில் மூன்று நான்கு ஊர்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

3. ஒவ்வொரு துண்டையும் சோதியுங்கள் (நான் சறுக்கிய இடம்)

இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள்.

பிரௌட்டர், கோமூட் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடம். அதில் ஜல்லி போட்டு உருட்டிய காட்டுப் பாதைக்கும் 'டிராக்' என்றுதான் பெயர், வயலோரம் டிராக்டர் சக்கரம் பதிந்த தடத்துக்கும் அதே பெயர்தான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது 'டிராக்டைப்' என்ற குறிப்பு. கிரேடு 1 நன்றாக இறுகிய தளம். 2 கெட்டியான சரளை. 3 கல்லும் மண்ணும் கலந்தது. 4 பெரும்பாலும் மண். 5 வெறும் மண்ணும் புல்லும். பெரிதாக்கிப் பார்த்தால் கிரேடு 1 தொடர்கோடாக இருக்கும், தரம் குறையக் குறைய கோடு துண்டுபட்டு, 5இல் வெறும் புள்ளிகளாகிவிடும். கிராவல் சைக்கிளுக்கு 1 முதல் 3 வரை. 4 என்றால் கோடையில் மட்டும்.

ஆனால் பல பாதைகளுக்கு இந்தக் குறிப்பையே யாரும் போட்டிருக்க மாட்டார்கள். குறிப்பு இல்லாவிட்டால் செயலி தானே ஒன்றை ஊகித்துக்கொண்டு கோட்டை வரைந்துவிடும். என் 9 கிலோமீட்டரில் 7 கிலோமீட்டருக்கு எந்தக் குறிப்பும் இல்லை.

பிரௌட்டரில் தரவு அட்டவணையைத் திறந்தால் வழியின் ஒவ்வொரு துண்டும் ஒரு வரியாக வரும். டிராக்டைப்பும் தள விவரமும் இல்லாத வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களுக்கு மட்டும் மூன்று சோதனை:

வான்படத்தில் வெளிறிய இரட்டைத் தடம் தெரிகிறதா, இல்லை முழுக்கப் பச்சையா? பச்சை என்றால் வேண்டாம்.

பிரான்ஸ் அரசின் வரைபட நிறுவனமான ஐஜிஎன்னின் 1:25,000 வரைபடத்தில் அது தொடர்கோடா, விட்டுவிட்ட கோடா? விட்டுவிட்ட கோடு ஒற்றையடிப் பாதை.

ஸ்ட்ராவா செயலியின் வெப்பப்படத்தில் (பலர் போன பாதைகள் ஒளிரும்), சைக்கிளை மட்டும் தேர்ந்தெடுத்த பிறகு, வெளிச்சம் இருக்கிறதா?

மூன்றில் இரண்டு சரியில்லை என்றால் வழியை மாற்றிவிடுவேன்.

மரத்தில் வெள்ளை-சிவப்புக் கோடு இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். அது நடைப்பயணிகளின் கெ.எர். தடம். மோர்வானைக் கடக்கும் கெ.எர். 13இல் வேர்களும் படிகளும் உண்டு. சைக்கிளுக்கான அடையாளம் ஒரு முக்கோணமும் இரண்டு வட்டங்களும். அவலோனில் தொடங்கி மத்தியதரைக் கடல்வரை போகும் ஜெ.தே.எம்.சே. நெடுந்தடத்தில் இதைப் பார்க்கலாம். ஆனால் அது மவுண்டன் பைக்குக்காக வரைந்தது, கிராவலுக்குச் சில துண்டுகள் கடினம்.

4. மண்ணைப் பாருங்கள்

இதை எந்தச் செயலியும் சொல்லாது. மோர்வான் கருங்கல் மலை. அந்தக் கல் உதிர்ந்து பருமணலாகிறது, மழை பெய்தாலும் தண்ணீர் உடனே இறங்கிவிடும். மலையிலிருந்து வடகிழக்கே மோன்பார் பக்கம் இறங்கினால் தெர்-பிளேன் சமவெளி, அங்கே களிமண். நான் போனதற்கு முந்தைய இரவு மழை. இருபது மீட்டர் உருட்டுவதற்குள் சேறும் வைக்கோலும் டயரில் சுற்றி, ஃபோர்க்குக்குள் அடைத்து, சக்கரம் நின்றுவிட்டது. டயர் கழற்றும் நெம்பியால் சுரண்டிவிட்டு நகர்ந்தேன், மறுபடி இருபது மீட்டர். கிரேடு 3 கருங்கல் மணலில் மழையிலும் ஓடும். களிமண்ணில் ஓடாது.

கருங்கல் பகுதியிலும் கவனிக்க ஒன்று உண்டு. டக்ளஸ் என்ற ஊசியிலை மரத் தோட்டங்களில் மரம் வெட்டிய இடத்தில் கனரக வண்டிகள் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருக்கும். வான்படம் பழையதாக இருந்தால் இது தெரியாது. அதனால் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் தார்ச்சாலைக்கு வெளியேற ஒரு வழியைக் குறித்து வைக்கிறேன்.

5. கருவியில் ஏற்றுங்கள்

வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி, வழிகாட்டும் கருவியில் ஏற்றுங்கள். செல்போனில் ஓஸ்ம்ஆண்ட் என்ற வரைபடச் செயலி போதும், வரைபடத்தை முன்பே இறக்கிவிடுங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது.

*புதுப்பிப்பு:* கருவி தன்னைத் தார்ச்சாலைக்கே இழுத்துப் போனதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். தடம் மாறினால் வழியைத் தானே மறுபடி கணக்கிடும் வசதிதான் காரணம். அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள்.

6. டயர், தண்ணீர், சோறு

டயர் 45 மில்லிமீட்டர், டியூப்லெஸ். என் எடை 70 கிலோ, காற்றழுத்தம் 2 பார் வைக்கிறேன். 35 மில்லிமீட்டரில் போகலாம் என்பவர்கள் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். அநேகமாக ஒரு குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாபிள்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. சிற்றூர்களில் பல ரொட்டிக் கடைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மதியத்திலும் சாத்திவிடுவார்கள். நான் புளிச்சோறு கட்டிக்கொண்டுதான் கிளம்புவேன்.

*இரண்டாவது புதுப்பிப்பு:* வேட்டையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், எழுதியிருக்க வேண்டும். பொதுவாகச் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைக் காலம். 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) என்ற பலகை கண்ணில் பட்டால் அந்தப் பாதைக்குள் நுழையாமல் திரும்பிவிடுங்கள். ஆரஞ்சு நிற மேல்சட்டை அவசியம். குளிர்காலத்தில் நான் வார நாட்களில்தான் போகிறேன்.

மழைக்குப் பிறகு இப்போது மோன்பாருக்கு இறங்குவதில்லை. காரே-லே-தோம்பிலிருந்து வடக்கே கூசேன் பள்ளத்தாக்கைப் பிடித்து அவலோனுக்கே திரும்புகிறேன். கடைசிவரை கருங்கல் மணல், பக்கத்திலேயே ஆறு. நிலையத்துக்கு முன்னால் ஊருக்குள் ஏறும் அந்த ஒரு ஏற்றத்துக்கு மட்டும் கொஞ்சம் தெம்பு வைத்திருங்கள்.